பக்கத்து வீட்டு இளைஞர்கள் வாராவாரம் பார்ட்டி வைக்கிறார்கள், தூங்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இது: எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சில மாதங்களாக அங்கே நான்கு இளைஞர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். வார இறுதியில் நண்பர்கள் கூடி, பாட்டும் கூச்சலும் இரவு ஒன்றரை, இரண்டு மணி வரை போகிறது. ஒருமுறை நடுராத்திரியில் போய்க் கதவைத் தட்டினேன். "சாரி அங்கிள்" என்று குறைத்தார்கள், அரை மணியில் பழையபடி ஆகிவிட்டது. போலீசுக்குப் போன் செய்யலாமா, வீட்டு ஓனரிடம் சொல்லலாமா, சுவருக்கு ஏதாவது செய்யலாமா, இல்லை நாங்களே வீடு மாறிவிடலாமா?

வீடுகளுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் ஒலித்தடுப்பு செய்து கொடுப்பது என் தொழில். "சுவருக்கு ஏதாவது செய்யலாமா" என்று கூப்பிடுகிறவர்களில் பலரிடம், இப்போதைக்குச் சுவரை விடுங்கள், முதலில் பக்கத்து வீட்டுப் பையனின் போன் நம்பரை வாங்குங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தொழிலுக்கு நஷ்டம்தான். ஆனால் சுவரில் கொட்டுகிற பணத்தைவிட அந்த நம்பர் அதிகம் வேலை செய்கிறது.

1960களின் கடைசியில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சத்தத்தை வைத்துச் சில சோதனைகள் செய்தார்கள். ஆட்களை உட்காரவைத்து, திடீர் திடீரென்று காதைப் பிளக்கும் சத்தத்தைப் போடுவார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், ஆனால் முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள் என்பார்கள். அநேகமாக யாரும் அழுத்தவில்லை. இரண்டு குழுவும் கேட்டது ஒரே சத்தம்தான். ஆனால் அப்புறம் கொடுத்த புதிர்களில் பொத்தான் இருந்தவர்கள் விடாமல் முயன்றார்கள், இல்லாதவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள். பிழை திருத்தும் வேலையிலும் இதே வித்தியாசம். சத்தம் சீரான இடைவெளியில், எதிர்பார்த்த நேரத்தில் வந்தபோதும் பின்விளைவு குறைந்தது.

உங்கள் படுக்கையறையிலும் இதுதான் நடக்கிறது. பன்னிரண்டரைக்கு மல்லாக்கப் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கிறபோது சத்தம் ஒரு பங்கு தொல்லை என்றால், "இது எப்போது முடியும், போய்ச் சொல்லலாமா, சொன்னால் சண்டை வருமா" என்ற உழற்சி இன்னொரு பங்கு. ஒரு மணிக்குக் கட்டாயம் நின்றுவிடும் என்று தெரிந்தால் அதே சத்தத்தில் பலர் தூங்கியே போகிறார்கள். அதனால் நீங்கள் அவர்களிடமிருந்து வாங்க வேண்டியவை: முடியும் நேரம், முன்கூட்டியே ஒரு தகவல், அப்புறம் ஒரு போன் நம்பர். "கொஞ்சம் அமைதியா இருங்க தம்பி" என்று கேட்டால் எதுவும் கிடைக்காது. அமைதி என்றால் அவர்கள் கணக்கில் ஒன்று, உங்கள் கணக்கில் ஒன்று.

நடுராத்திரியில் கதவைத் தட்டியது பலிக்காததில் ஆச்சரியமில்லை. கதவைத் திறக்கிறவன் பெரும்பாலும் அந்த வீட்டுக்காரனாகவே இருக்க மாட்டான், யாரோ ஒரு விருந்தாளி. உள்ளே பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் பொறுமையாகப் பேச மாட்டார்கள், நீங்களும் பேச மாட்டீர்கள். மறுநாள் சாயங்காலம் போங்கள். காலை ஏழு மணிக்குப் போய் எழுப்பிப் பழிதீர்க்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். நாலுபேரில் யார் பெயரில் வாடகை ஒப்பந்தம் இருக்கிறதோ, அல்லது யார் கொஞ்சம் பொறுப்பாகப் பேசுகிறாரோ, அவரைக் கண்டுபிடித்து அவரிடம் பேசுங்கள்.

போவதற்கு முன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. டில் ரோனபெர்க் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஏராளமானவர்களின் தூக்க நேரங்களைத் தொகுத்து 2004இல் வெளியிட்டார்கள். மனித வாழ்க்கையில் தூக்கம் மிகவும் பின்தள்ளிப் போகும் வயது இருபதை ஒட்டி என்று அதில் வந்தது. அதற்கப்புறம் வயதாக ஆக, சீக்கிரம் தூங்கிச் சீக்கிரம் எழுகிற பக்கம் நகர்கிறோம். ஆகவே உங்களுக்குக் கண் சொருகும் நேரத்தில் அவர்கள் உடம்புக்குச் சாயங்காலமே முடிந்திருக்காது. இது அவர்கள் செய்வதை நியாயமாக்காது. ஆனால் பலருக்கு நீங்கள் படுத்திருப்பீர்கள் என்ற நினைப்பே வருவதில்லை, வேண்டுமென்று செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு போனால் பேச்சு முதல் வாக்கியத்திலேயே கெட்டுவிடும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தம்பி, பார்ட்டி வைக்காதீங்கன்னு சொல்ல வரலை. உங்க ஸ்பீக்கர் எங்க படுக்கையறைச் சுவத்துல அப்படியே இடிக்குது. பன்னெண்டு மணிக்குப் பாட்டை நிறுத்திட்டு, அப்புறம் ஜன்னலைச் சாத்திட்டு உள்ள உக்காந்து பேசுங்க. அடுத்தது என்னைக்குன்னு முந்தின நாள் ஒரு மெசேஜ் போட்டுடுங்க. இது என் நம்பர். உங்க நம்பர் கொடுங்க, சத்தம் மீறினா கதவைத் தட்டாம மெசேஜ் போடுறேன்." கதவைத் தட்டமாட்டேன் என்பது அவர்களுக்கும் பெரிய நிம்மதி. நண்பர்கள் முன்னால் அவமானப்பட யாருக்கும் பிடிக்காது. உங்களுக்கோ, மேலே சொன்ன பொத்தான் அந்த நம்பர்தான்.

யார் வந்தார்கள், யாரோடு வந்தார்கள், என்ன உடை, என்ன குடித்தார்கள் என்பதைப் பேச்சில் கொண்டு வராதீர்கள். ஒரு வார்த்தை வந்தாலும் போதும், சத்தம் என்ற நியாயமான புகார் "இந்த அங்கிளுக்கு நம்மைக் கண்டாலே ஆகவில்லை" என்று மாறிவிடும். வீட்டில் உங்களோடு வருகிறவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். அவர்களுடைய பெற்றோரின் நம்பரைத் தேடுவதும் இதே ரகம். அவர்கள் வயதுக்கு வந்தவர்கள், வாடகை கொடுக்கிறவர்கள். அப்படித்தான் நடத்த வேண்டும், பொறுப்பையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

எந்த நேரம் கேட்பது? பல ஊர்களில் இரவு 10 அல்லது 11 மணிக்கு மேல் சத்தத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் ஊர் விதி என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் எடுத்த எடுப்பில் அதைக் காட்டாதீர்கள். அது பேரத்தில் உங்கள் கையிருப்பு. பேரம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். 1879இல் லண்டனில் ஒரு வழக்கு. மிட்டாய் செய்கிற ஒருவர் பல வருடமாக உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு டாக்டர் பின்னால் அந்தச் சுவரை ஒட்டி நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார், அப்புறம் சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார். "நான்தானே முதலில் இருந்து இடிக்கிறேன்" என்ற வாதம் எடுபடவில்லை, டாக்டர் ஜெயித்தார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர் ரொனால்டு கோஸ் 1960இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வழக்கை எடுத்துக்கொண்டு, தீர்ப்பு யார் பக்கம் வந்தாலும், பேசிக்கொள்வதில் பெரிய செலவோ சிரமமோ இல்லையென்றால், யாருக்கு எது அதிக முக்கியமோ அதன்படி இருவரும் பேரம் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று காட்டினார். உரிமை யார் பக்கம் என்பது பேரம் எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் தீர்மானிக்கிறது. நீங்களும் கொடுக்க ஏதாவது வைத்திருங்கள். மாதத்தில் ஓர் இரவு, முன்கூட்டிச் சொன்னால், ஒரு மணி வரை. பிறந்தநாள் என்றால் அன்று நீங்கள் தள்ளியிருக்கிற அறையில் படுத்துக்கொள்கிறீர்கள். இப்படி ஒன்றிரண்டை விட்டுக்கொடுத்தவர்களுக்கு மற்ற இரவுகள் அமைதியாகக் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி சத்தத்துக்கு வருவோம், ஏனென்றால் "குறைத்துவிட்டோம்" என்று அவர்கள் சொல்வதும் "குறையவே இல்லை" என்று நீங்கள் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். சுவரின் இயல்பு, மெல்லிய கீச்சுச் சத்தத்தை நன்றாகத் தடுக்கும், பேஸ் என்கிற கனத்த, தாழ்ந்த அதிர்வெண் சத்தத்தை விட்டுவிடும். அதிர்வெண் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் சுவர் தோராயமாக 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கிறது. 1000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிற குரலோடு ஒப்பிட்டால் 60 ஹெர்ட்ஸ் பேஸ் நான்கு இரட்டிப்பு கீழே இருக்கிறது. கணக்குப்படி 24 டெசிபல் குறைவான தடுப்பு. 10 டெசிபல் கூடினாலே காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு என்று தோன்றும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் பாட்டு, குரல், சிரிப்பு எல்லாம் கலந்து கேட்கிறவர்களுக்கு அது இசை. உங்கள் பக்கம் வந்து சேர்வது வெறும் தும்... தும்... தும்.

ஒரு வீட்டில் இரண்டு தரப்பையும் வைத்துக்கொண்டு இதைக் காட்ட நேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிவந்து, புகார் சொன்னவரின் கட்டில் பக்கத்தில் நிற்கவைத்தோம். அவனுடைய நண்பன் அங்கே வழக்கமான சத்தத்தில் பாட்டைப் போட்டான். "பாட்டே கேக்கலையே அண்ணா" என்றான் முதலில். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்த கையை எடுக்கவில்லை. அலமாரிக் கண்ணாடி ஒன்று தாளத்துக்குத் தாளம் சன்னமாக ஜிர், ஜிர் என்றது. "இதோடயா தூங்குறீங்க?" என்று அவரைப் பார்த்துக் கேட்டான். அங்கே போய்ப் பார்த்தால் ஸ்பீக்கர் தரையில், பொதுச் சுவரின் மூலையில் இருந்தது. அதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. மூலையில் வைத்தால் சுவர்களும் தரையும் சேர்ந்து பேஸைப் பெருக்கிக் கொடுக்கும், தரையில் நேராக உட்கார்ந்திருப்பதால் அதிர்வும் கட்டடத்துக்குள் இறங்கும். எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்தி, அடியில் கனமான ஃபோம் போட்டு, பேஸுக்கென்றே இருக்கும் சப்-ஊஃபர் ஸ்பீக்கரை அணைத்து, போனில் பேஸைக் குறைத்தோம். அவர்களுக்குப் பாட்டின் சத்தம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. இந்தப் பக்கம் கண்ணாடி அடங்கிவிட்டது. ஆகவே "வால்யூமைக் குறையுங்கள்" என்பதைவிட "ஸ்பீக்கரை எதிர்ச்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள், பத்து மணிக்கு மேல் பேஸ் வேண்டாம்" என்பது நல்ல கோரிக்கை. கேட்கிறவனுக்கு நஷ்டம் குறைவு, உங்களுக்கு லாபம் அதிகம். முடிந்தால் அவர்களில் ஒருவரை உங்கள் அறைக்குக் கூப்பிட்டு ஒருமுறை கேட்க வையுங்கள்.

கூச்சல் ஏன் மணியாக ஆக ஏறுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். எத்தியென் லோம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதிய விஷயம் இது. பாட்டு ஏறினால் பேச்சு ஏறும், பேச்சு ஏறினால் யாராவது பாட்டை ஏற்றுவார்கள். பதினொரு மணிக்குப் பாட்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் குரல்கள் தானாக இறங்கும் என்று பையன்களிடம் சொல்லுங்கள். "கத்தாதீங்க" என்று விருந்தாளிகளிடம் சொல்வதைவிட இது அவர்களுக்குச் சுலபம்.

விட்டுப்போகிற இன்னொன்று வாசல். பார்ட்டி ஒழுங்காக முடிந்தாலும், கிளம்புகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று அரை மணி நேரம் விடைபெறுவார்கள். பைக் ஸ்டார்ட் ஆகும், கார் கதவு படார் என்று சாத்தும், யாரோ எதையோ மறந்துவிட்டு உள்ளே இருக்கிறவனைக் கூப்பிடுவார்கள். தூங்கி விழித்தவர்கள் பலர் விழித்தது இதில்தான். "விடைபெறுவதெல்லாம் வீட்டுக்குள்ளேயே" என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

உங்கள் பக்கம் என்ன செய்யலாம்? உலக சுகாதார நிறுவனம் 1999இல் கொடுத்த வழிகாட்டலில், படுக்கையறைக்குள் இரவுச் சத்தம் சராசரி 30 டெசிபலையும், இடையில் எழும் தனிச் சத்தம் 45 டெசிபலையும் தாண்டாமல் இருப்பது நல்லது என்றது. பேஸ் அதிகமென்றால் அதைவிடவும் குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பாதி திறந்த ஜன்னல் சுமார் 15 டெசிபல்தான் தடுக்கும். அதனால் பார்ட்டி இரவில் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், சட்டத்தைச் சுற்றி இருக்கும் இடுக்குகளை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். தடுப்பின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலில் நின்றுவிடும்.

கட்டிலைப் பொதுச் சுவரிலிருந்து, முக்கியமாக மூலையிலிருந்து, தள்ளிப் போடுங்கள். பேஸ் சுவரோரத்தில்தான் குவியும். தலைமாட்டை ஓரிரு அடி நகர்த்தியதில் மட்டுமே வித்தியாசம் உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். காதில் வைக்கும் ஃபோம் அடைப்பான் குரலை நன்றாகத் தடுக்கும், பேஸைக் குறைவாகத்தான். மின்விசிறியோ, போனில் ஓடும் கனத்த இரைச்சலோ ஓரளவு மூடும். முட்டை அட்டை, மேடுபள்ளமான ஃபோம் இவற்றைச் சுவரில் ஒட்டாதீர்கள். அவை அந்த அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும், சுவர் தாண்டி வருவதைத் தடுக்காது. உண்மையான தீர்வு, இடைவெளி விட்டு, நடுவில் கனிமப் பஞ்சு அடைத்து, பழைய சுவரைத் தொடாமல் எழுப்பும் இரண்டாவது சுவர். செலவு பிடிக்கும், அறை சுருங்கும், அப்படியும் பேஸ் முழுசாக நிற்காது. நாளைக்குக் காலி செய்யக்கூடிய வாடகைக்காரர்களுக்காக அதைச் செய்யாதீர்கள்.

பேசியும் சரிப்படவில்லை என்றால்? ஒருமுறை பேசி, ஒருமுறை மெசேஜில் நினைவூட்டி, அப்புறமும் மாறவில்லை என்றால் ஓனரிடம் போகலாம். அதற்குள் ஒரு குறிப்பு எழுதி வைத்திருங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த அறையில் எப்படிக் கேட்டது, நீங்கள் எப்போது என்ன சொன்னீர்கள், என்ன பதில் வந்தது. "தினமும் தொல்லை" என்று சொல்வதைவிட நான்கு தேதிகள் கனமானவை. வீடியோ எடுத்தால் உங்கள் அறையில் இருந்து, கதவு ஜன்னல் சாத்தி, சத்தம் கேட்கும்படி எடுங்கள். அவர்களையோ விருந்தாளிகளையோ படம் பிடிக்காதீர்கள், பிரச்சினை உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

போனில் டெசிபல் அளக்கும் செயலிகளை நம்பி ஏமாறவும் வேண்டாம். அவை வழக்கமாக ஏ அளவீட்டில் காட்டும், அது காதின் இயல்பை ஒட்டிக் கனத்த சத்தத்தைக் கழித்துவிடும். 63 ஹெர்ட்ஸில் சுமார் 26 டெசிபல் கழியும். கண்ணாடி அதிர்கிற அறையில் எண் சாதாரணமாகத்தான் இருக்கும். கனத்த சத்தத்தை அவ்வளவாகக் கழிக்காத சி அளவீடு இருந்தால் அதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால் பேஸ்தான் குற்றவாளி.

ஓனரிடம் "அவர்களைக் காலி செய்யுங்கள்" என்று தொடங்காதீர்கள், வாடகை போகும் என்ற பயத்தில் அவர் உடனே அவர்கள் பக்கம் சாய்வார். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் இருக்கும். அதைச் சுட்டி எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுக்கச் சொல்லுங்கள், உங்கள் குறிப்பின் பிரதியையும் கொடுங்கள். இந்தப் பக்கம் நீங்கள் என்றால் அந்தப் பக்கத்து வீட்டிலும் யாராவது தூங்காமல் இருப்பார்கள். அவர்களும் தனியாக எழுதினால் ஓனர் கூடுதல் கவனம் கொடுப்பார்.

போலீசோ உள்ளாட்சி அலுவலகமோ கடைசிப் படி. ஆனால் வெட்கப்பட வேண்டிய படி இல்லை. மெசேஜுக்குப் பதில் இல்லை, நேரம் தாண்டிவிட்டது என்றால், சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூப்பிடுங்கள், மறுநாள் சொன்னால் வருகிறவர்களுக்குப் பார்க்க எதுவும் இருக்காது. புகார் எண் கேட்டு வாங்கிக் குறிப்பில் சேருங்கள். பெயர் சொல்லாமல் புகார் செய்தாலும் ஒட்டுச் சுவர்க்காரர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போகாது. அதனால் "அடுத்த தடவை மீறினால் புகார் செய்வேன்" என்று முன்பே நேராகச் சொல்லிவிடுவதுதான் கௌரவம், பகையும் அதில்தான் குறைவு. ஒன்றுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது: அடிதடி, அலறல், யாராவது மயங்கிக் கிடப்பது. அப்போது நீங்கள் உள்ளே போகாதீர்கள், உடனே அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

சுவரில் இடிப்பது, விடிகாலையில் ஸ்பீக்கரைத் திருப்பி வைப்பது, அவர்கள் வீட்டு ஃபியூசைப் பிடுங்குவது எல்லாம் கேட்கிற நேரத்தில் இனிக்கும். முதல் இரண்டில் உங்கள் புகாருக்கு எதிர்ப்புகார் கிடைக்கும், மூன்றாவது ஆபத்து, குற்றமும்கூட.

வீடு மாறுவதைப் பற்றி: ஒன்பது மணிச் சிரிப்பும், மாடிப்படியில் ஓடும் காலடியும், சமையலறைப் பாத்திரச் சத்தமும்கூட உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் இந்த இளைஞர்கள் போனாலும் பிரச்சினை போகாது, பொதுச் சுவர் இல்லாத வீடுதான் உங்களுக்கு. பார்ட்டி மட்டும்தான் என்றால், அவர்களுடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று ஓனரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சில மாதங்கள்தான் பாக்கி என்றால் நீங்கள் சாமான் கட்ட வேண்டியதில்லை. புதிதாக யார் வந்தாலும் வந்த வாரமே போய் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள், சண்டைக்கு முன் கேட்டால் யாரும் தயங்குவதில்லை. மாறுவது என்றே முடிவாகிவிட்டால், புது வீட்டைப் பகலில் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை போய், அந்தப் படுக்கையறைச் சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.